டிஜிட்டல் பாத்திர ஓவியம்: உறுத்தும் இடமும் திரும்ப வேண்டிய இடமும்

இதை மேலிருந்து கீழாகப் படிக்க வேண்டியதில்லை. உங்கள் படத்தில் எது உறுத்துகிறதோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போய்விடலாம். ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கோளாறு கண்ணில் படும் கட்டமும் அது பிறந்த கட்டமும் பெரும்பாலும் வேறுவேறு. வண்ணம் தீட்டும்போது தெரியும் குறை கோட்டில் பிறந்திருக்கும். கோட்டில் தெரியும் குறை ஸ்கெட்சில் பிறந்திருக்கும். தெரிந்த இடத்திலேயே ஒட்டுப்போட்டுக்கொண்டிருந்தால் பொழுதுதான் போகும். அதனால் எந்தக் கட்டத்துக்குத் திரும்ப வேண்டும் என்பதையும் அங்கங்கே சொல்லியிருக்கிறேன்.

எடுத்துக்காட்டுக்கு ஒரே ஆள் போதும். ஒரு சிறுவர் கதைக்காக நான் வரைந்த பூக்காரி: நாற்பது வயது, மாநிறத்தைவிடச் சற்றுக் கறுத்த நிறம், கட்டம்போட்ட கண்டாங்கிச் சேலை, கொண்டையில் கனகாம்பரம், தலையில் சும்மாடு, அதன்மேல் பூக்கூடை. கீழே வரும் பிழைகளில் பெரும்பாலானவற்றை அவளை வைத்தே செய்து பார்த்திருக்கிறேன். மென்பொருள் கிரிட்டா, இலவசமாகக் கிடைப்பது. கேன்வாஸ் ஏ4, அங்குலத்துக்கு 300 புள்ளி, அதாவது 2480 × 3508 பிக்சல். வேறு மென்பொருள் வைத்திருப்பவர்களுக்குப் பொத்தான் இருக்கும் இடம் மாறும், காரணம் மாறாது.

பேனா ஓடுகிறது, கோடு விழவில்லை

டேப்லெட்டைக் கழற்றி மாட்டுவதற்கு முன் இவற்றைப் பாருங்கள். 'இ' விசையில் கை பட்டு பிரஷ் அழிப்பானாக மாறியிருக்கிறதா? ஏதோ ஒரு மூலையில் குட்டியாக ஒரு செலக்‌ஷன் கலையாமல் கிடக்கிறதா? கிடந்தால் அதற்குள் மட்டும்தான் கோடு விழும். கண்ட்ரோல், ஷிஃப்ட், ஏ மூன்றையும் சேர்த்து அழுத்தினால் அது கலைந்துவிடும். நீங்கள் நிற்கும் லேயர் (கண்ணாடித் தாள் போல ஒன்றின்மேல் ஒன்றாக வைக்கும் அடுக்கு) பூட்டியிருக்கிறதா, மறைத்து வைக்கப்பட்டிருக்கிறதா? வெற்றிடத்தில் வரைய விடாத ஆல்பா பூட்டு போட்ட காலி லேயரில் வரைகிறீர்களா? என் வீட்டில் பெரும்பாலும் குற்றவாளி 'இ' விசைதான்.

கோடு விழுகிறது, தடிமன் மாறவில்லை. அல்லது கோடு பேனாவுக்குப் பின்னால் இழுபடுகிறது

இவை இரண்டும் தனித்தனி நோய்கள். தடிமன் மாறாவிட்டால் டேப்லெட் அமைப்புகளில் இருக்கும் டேப்லெட் டெஸ்டரைத் திறந்து அங்கே கிறுக்கிப் பாருங்கள். அழுத்தத்தின் எண் ஏறி இறங்கினால் டேப்லெட் நலம், பிரஷ்ஷில் அழுத்தம் அணைந்திருக்கிறது. எண் அசையாவிட்டால், விண்டோஸ் கணினியில் பேனாவின் அழுத்தத்தை மென்பொருளுக்குக் கொண்டுபோகும் வின்டேப், விண்டோஸ் இங்க் என்ற இரண்டு வழிகளில் இப்போது இருப்பதை மாற்றிவிட்டு மென்பொருளை மூடித் திறக்க வேண்டும்.

கோடு பின்தங்கினால் கணினியைத் திட்டுவதற்கு முன் ஸ்டெபிலைசரை அணைத்துப் பாருங்கள். கை நடுக்கத்தை மழுப்புவதற்காக அது வேண்டுமென்றே தாமதிக்கிறது. அணைத்த பிறகும், அதுவும் பெரிய பிரஷ்ஷில் மட்டும், தாமதம் இருந்தால் நினைவகம் நிரம்புகிறது என்று கொள்ளலாம். ஏ4 அளவில் ஏறத்தாழ 87 லட்சம் பிக்சல். 8 பிட்டில் ஒரு பிக்சலுக்கு 4 பைட், ஆக முழுவதும் தீட்டிய ஒரு லேயருக்குச் சுமார் 35 எம்பி. 16 பிட் என்றால் இரட்டிப்பு. முப்பது லேயர் வைத்திருப்பவர் கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

நிற்கிறாள், ஆனால் எடை இல்லை

என் பூக்காரியின் முதல் வடிவத்தில் கூடை தலைமேல் இருந்தது, அவ்வளவுதான். கூடைக்குப் பதிலாக அங்கே பலூனை வைத்திருந்தாலும் ஒரு கோடு மாறியிருக்காது. நான் செய்த வைத்தியம் கூடையில் இன்னும் பூ நிரப்பியது. பூ கூடியது, எடை கூடவில்லை.

எடை உடம்பில்தான் தெரியும். ஸ்கெட்சுக்குத் திரும்புங்கள். அதன் அடர்த்தியை 20 சதவீதமாகக் குறைத்துவிட்டு, மேலே ஒரு புது லேயரில் மூன்று கோடுகள் மட்டும் போடுங்கள்: தோள்களை இணைக்கும் கோடு, இடுப்பெலும்புகளை இணைக்கும் கோடு, கூடையின் நடுவிலிருந்து தரைக்கு ஒரு தூக்குநூல். தோள்கோடும் இடுப்புக்கோடும் தண்டவாளம் போல இணையாக இருந்தால் நோய் அதுதான். ஒரு காலில் எடை போட்டு நிற்பவருக்கு அந்தப் பக்கத்து இடுப்பு ஏறும், அதே பக்கத்துத் தோள் இறங்கும். தூக்குநூல் எடை தாங்கும் பாதத்தில் வந்து இறங்க வேண்டும். நம் ஊர்ச் செப்புத் திருமேனிகளின் திரிபங்க நிலையில் கழுத்து, இடை, முழங்கால் மூன்றும் வளைந்தும் சிலை சாய்வதாகத் தோன்றாததற்கு இந்த நூல் ஒரு காரணம்.

ஆனால் சுமைக்காரிக்குக் கழுத்தில் வளைவு கிடையாது. கூடை சரிந்துவிடும். கழுத்து நேராக நிற்கும். மூன்றில் ஒரு வளைவு போய்விட்டதால் இடுப்பு அதற்கும் சேர்த்து வளையும். வலக்கை தூக்கிக் கூடையைப் பிடித்தால் வலத்தோள் ஏறும், ஆகவே எடையை இடக்காலுக்குக் கொடுங்கள். அப்போது இரண்டு கோடுகளும் எதிரெதிராகச் சாயும். இதையெல்லாம் சரி செய்த பிறகும் ஏதோ குறைந்தது. தெருவில் கூடையோடு போன ஒரு அம்மாவைக் கூப்பிட்டுப் பூ கேட்டபோதுதான் அது பிடிபட்டது. அவர் என் பக்கம் தலையைத் திருப்பவில்லை. கண்ணை மட்டும் திருப்பினார், பிறகு மொத்த உடம்போடும் திரும்பினார். என் படத்தில் அவள் கழுத்தைச் சாய்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். முகத்தை நேராக்கி விழியை மட்டும் ஓரத்துக்குத் தள்ளினேன். கூடை கனக்க ஆரம்பித்தது.

கையை மட்டும் தள்ளி வைக்க வேண்டுமானால் லாஸ்ஸோ என்ற தேர்வுக் கருவியால் சுற்றி, கண்ட்ரோல், டி அழுத்தித் திருப்பலாம். ஸ்கெட்சில் மட்டும் இதைச் செய்யுங்கள். மூட்டு பிய்ந்து தெரியும், அதைக் கையால் மறுபடி வரைந்துவிடுங்கள்.

பெரியவள் சிறுமியாகத் தெரிகிறாள்

தலை பெரிது. வளர்ந்தவரின் உயரம் ஏறக்குறைய ஏழு, ஏழரைத் தலை. சிறுவர் கதைப் படத்தில் ஐந்துக்கு இறக்கலாம்; அப்படி இறக்கும்போது கண்ணையும் பெரிதாக்கி நெற்றியையும் உயர்த்தினால் வயது கரைந்துவிடும். தலை பெரிதாக இருக்கட்டும், முகத்தின் உள்ளளவுகள் பெரியவருக்குரியவையாக இருக்கட்டும்: கண் தலையின் சரிபாதி உயரத்தில், இரு கண்ணுக்கும் நடுவே இன்னொரு கண் இடைவெளி.

சிற்ப சாத்திரத்தின் நவதாளத்தை ஒன்பது தலை உயரம் என்று எடுத்துக்கொண்டு ஒட்டகச்சிவிங்கி போல வரைபவர்களைப் பார்த்திருக்கிறேன். தாளம் என்பது அங்கே முகத்தின் நீளம், மயிர் தொடங்கும் இடத்திலிருந்து முகவாய் வரை. முழுத் தலையில் அது முக்கால் பங்கு என்று வைத்தால் ஒன்பது தாளம் ஏழு தலைக்குக் கொஞ்சம் குறைவாகத்தான் வரும்.

படத்தைத் திருப்பிப் பார்த்தால் முகம் சரிகிறது

எல்லோருக்கும் சரியும். கை ஒரு பக்கம் சாய்வாக வரைகிறது, கண் அதற்குப் பழகிப்போகிறது. கிரிட்டாவில் 'எம்' விசை பார்வையை மட்டும் கண்ணாடிபோலத் திருப்பும், படத்தைத் தொடாது. திருத்தும்போது ஒரு எச்சரிக்கை: திருப்பிய நிலையிலேயே முழுவதும் சரிசெய்தால் மறுபக்கம் பார்க்கும்போது எதிர்ப்புறமாகச் சரியும். பாதி திருத்துங்கள், திருப்புங்கள், மீதியைத் திருத்துங்கள். இதை ஸ்கெட்சில் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை செய்தால் போதும். வண்ணம் முடிந்த பிறகு முதல்முறையாகத் திருப்பிப் பார்ப்பவருக்கு அன்று தூக்கம் வராது.

முக்கால் பக்கம் திரும்பிய முகத்தில் தூரத்துக் கண் ஒட்டவைத்தது போல இருந்தால், அது பெரும்பாலும் ஒட்டவைத்ததாகத்தான் இருக்கும். அருகிலிருக்கும் கண்ணை நகலெடுத்துத் திருப்பி வைக்கும் பழக்கத்தை விடுங்கள். தூரத்துக் கண் குறுகலானது. அதன் வெளி மூலை முகத்தின் வளைவுக்குப் பின்னால் போய்விடும்.

ஸ்கெட்சில் உயிர் இருந்தது, லைன் ஆர்ட்டில் செத்துவிட்டது

லைன் ஆர்ட் என்பது ஸ்கெட்சின் மேல் இழுக்கும் சுத்தமான இறுதிக் கோடு. என்னிடம் அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். பதிலாக எல்லோரும் ஒரு நல்ல பிரஷ்ஷை எதிர்பார்க்கிறார்கள். பிரஷ்ஷுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

பூக்காரியின் புருவத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஸ்கெட்சில் அங்கே ஐந்து கோடுகள் ஒன்றின்மேல் ஒன்றாகக் கிடந்தன. லைன் ஆர்ட் போடும்போது என் கை ஐந்துக்கும் நடுவே ஓடும் சராசரிக் கோட்டைத் தேர்ந்தெடுத்திருந்தது. வெயிலுக்குச் சுளித்த அந்தப் பார்வையைத் தந்ததோ எல்லாவற்றுக்கும் கீழே, மூக்கை நோக்கி இறங்கிய கோடு. சராசரி எடுத்தால் சுளிப்பு போய்விடும், வெறும் புருவம் மிஞ்சும். இதே கதை உதட்டோரத்தில், விரல் நுனியில், சேலையின் முந்தானையில்.

ஆகவே லைன் ஆர்ட்டுக்கு முன் இன்னொரு ஸ்கெட்ச் போடுங்கள். முதல் ஸ்கெட்சின் மேல், வேறு நிறத்தில், ஒவ்வோர் இடத்திலும் எந்தக் கோடு வேண்டும் என்று முடிவெடுக்க மட்டும். கோடு அழகாக இருக்க வேண்டியதில்லை, முடிவு தெளிவாக இருந்தால் போதும். லைன் ஆர்ட் போடும்போது கை முடிவெடுக்கவும் கூடாது, தயங்கவும் கூடாது.

அடுத்து ஜூம். 400 சதவீதத்தில் வைத்து விரல் அசைவில் கோடு இழுத்தால் ஒவ்வொரு அங்குலமும் மழமழப்பாக இருக்கும், மொத்தம் கம்பி வளைத்தது போல இருக்கும். 100 சதவீதத்துக்கு மேல் போகாமல், நீளமான கோடுகளைத் தோளிலிருந்து இழுத்துப் பாருங்கள். ஸ்டெபிலைசர் கூடையின் வட்ட விளிம்புக்கும் சேலையின் நீண்ட ஓரத்துக்கும் இருக்கட்டும். முகத்தில் வேண்டாம், அங்கே இருக்கும் சிறு நடுக்கத்தையும் அது வழித்தெடுத்துவிடும். ஒரே கோட்டை இருபது தடவை அழித்துப் போடுகிறீர்கள் என்றால் தப்பு கோட்டில் இல்லை, அதன் கீழே ஸ்கெட்சில் முடிவு எடுக்கப்படவில்லை.

தடிமனுக்கு நான் வைத்திருக்கும் கணக்கு எளியது: நிழல் விழும் பக்கம், ஒன்றின்மேல் ஒன்று ஏறும் இடம், எடை அழுத்தும் இடம் மூன்றிலும் தடிப்பு. சும்மாடு தலையில் அழுந்தும் கோடு என் படத்திலேயே தடித்த கோடு.

சிலர் இவ்வளவுக்குப் பிறகும் ஸ்கெட்ச்தான் நன்றாக இருக்கிறது என்பார்கள். அப்படியானால் அதையே சுத்தம் செய்து வைத்துக்கொள்ளுங்கள். லைன் ஆர்ட் கட்டாயம் என்று யாரும் சட்டம் போடவில்லை.

கோட்டுக்கும் வண்ணத்துக்கும் நடுவே வெள்ளை இழை. நிழல் உருவத்துக்கு வெளியே வழிகிறது

முதலாவதுக்கு: கோட்டின் ஓரப் பிக்சல்கள் பாதி ஒளிபுகுபவை, ஃபில் கருவி அங்கேயே நின்றுவிடுகிறது. கருவியின் அமைப்பில் 'குரோ' (நிரப்பும் பகுதியை விரிப்பது) என்பதை 2 பிக்சல் வைத்து, வண்ண லேயரைக் கோட்டு லேயருக்குக் கீழே போடுங்கள். இழை மறைந்துவிடும்.

இரண்டாவது கிரிட்டாவுக்கே உரிய பொறி. ஆல்பா இன்ஹெரிட் (கீழே வண்ணம் உள்ள இடத்துக்குள் மட்டும் தெரியச் செய்வது) போட்ட லேயர், அதற்குக் கீழே அடுக்கில் உள்ள எல்லா லேயர்களையும் சேர்த்து எல்லையாக எடுத்துக்கொள்ளும். வெள்ளைப் பின்னணியும் அதே அடுக்கில் இருந்தால் கேன்வாஸ் முழுவதுமே எல்லை. உருவத்தின் வண்ணத்தையும் நிழலையும் தனி குரூப்பில் போட்டால் வழியாது.

தோல் சாம்பல் பூத்திருக்கிறது

வெளுத்த தோலுக்குச் சொன்ன வழிமுறையைக் கறுத்த தோலுக்கு அப்படியே போட்டால் வருவது இது. இணையத்தில் கிடைக்கும் பாடங்களில் நிறைய, நிழலுக்கு ஊதா கலந்த நீலத்தை மல்டிப்ளையில் போடு, ஒளிக்கு வெள்ளையைப் போடு என்கின்றன. பீச் பழ நிறத்தில் அது எடுபடும். பூக்காரிக்குப் போட்டேன், விபூதி பூசியது போல நின்றாள்.

எண்ணில் பார்த்தால் காரணம் புரியும். அவளுடைய அடிநிறம் சிவப்பு 122, பச்சை 78, நீலம் 52. மல்டிப்ளை என்பது பெயருக்கேற்ற பெருக்கல்: ஒவ்வொரு எண்ணையும் மேல்நிறத்தின் எண்ணால் பெருக்கி 255ஆல் வகுக்கும். மேலே 150, 150, 200 என்ற நீல ஊதாவைப் போட்டால் கிடைப்பது 72, 46, 41. கறுத்துவிட்டது, சரி. ஆனால் நிறச்செறிவு 57 சதவீதத்திலிருந்து 43க்கு விழுந்துவிட்டது. அந்தப் பதினான்கு புள்ளிதான் சாம்பல். அதே இடத்தில் 160, 110, 110 என்ற மங்கிய சிவப்பைப் போட்டால் 77, 34, 22. செறிவு 71 சதவீதத்துக்கு ஏறுகிறது. நிழல் இப்போது தோலுக்குள்ளிருந்து வருவது போல இருக்கும்.

ஒளியிலும் இதே கதைதான். வெள்ளையை 30 சதவீதத்தில் தடவினால் 162, 131, 113, செறிவு 30. பழைய திருநீறு. ஒளிபடும் இடத்துக்கு 198, 132, 84 போன்ற செம்பு நிறத்தை நேரடியாக எடுங்கள், செறிவு குறையாது. வெள்ளைக்கு அருகிலான ஒளியே கூடாது என்பதில்லை. கறுத்த தோலில் மினுமினுப்பு தூக்கலாகத் தெரியும். நெற்றி, மூக்குத்தண்டு, கன்ன எலும்பு, தோள்முனை ஆகிய இடங்களில் வானத்தின் நீலம் கலந்து சிறிதாக, ஓரம் கூர்மையாக வையுங்கள். ஏர்பிரஷ்ஷால் பரப்பினால் மறுபடியும் விபூதி. உள்ளங்கையும் நகமும் வெளிர்நிறம் என்பதை மறந்துவிட்டால் கையுறை போட்டது போல இருக்கும்.

இதற்கு ஸ்கெட்சுக்குத் திரும்ப வேண்டாம். ஆனால் நிழல் லேயரை மேலே இன்னொரு லேயர் போட்டுச் சமாளிக்காமல், அழித்துவிட்டு அடிநிறத்திலிருந்து தொடங்குங்கள்.

சேலையின் கட்டம் சுவரொட்டி போல ஒட்டியிருக்கிறது

கட்டத்தைத் தனியாக வரைந்து மேலே வைத்திருக்கிறீர்கள். மடிப்பு ஓடுகிறது, கட்டம் அதைக் கண்டுகொள்ளவே இல்லை. டிரான்ஸ்ஃபார்ம் கருவியின் வார்ப் முறையில் முழுச் சேலையையும் ஒரேயடியாக வளைக்காதீர்கள், ரப்பர் போலாகிவிடும். கொசுவத்தின் ஒவ்வொரு மடிப்பையும் தனித் துண்டாகக் கொள்ளுங்கள். ஒரு மடிப்புக்குள் கோடுகள் தொடரும், அடுத்த மடிப்பில் ஏறும்போது முறிந்து வேறிடத்தில் தொடங்கும். அந்த முறிவுதான் துணி என்று சொல்கிறது. இடுப்பைச் சுற்றும் இடத்தில் குறுக்குக் கோடுகள் இடுப்பின் வளைவோடு போக வேண்டும். நான் கடைசியில் கட்டத்தைக் கையாலேயே வரைந்துவிட்டேன். வார்ப்போடு மல்லாடிய நேரத்தில் பாதிகூட ஆகவில்லை.

எல்லாம் சரி, கண் முகத்தில் நிற்காமல் அலைகிறது

நிறத்தை எடுத்துவிட்டு ஒளி அளவை மட்டும் பாருங்கள். எல்லாவற்றுக்கும் மேலே கறுப்பு நிரப்பிய லேயர், அதன் முறையைக் 'கலர்' என்று மாற்றினால் படம் சாம்பலாகும். சாச்சுரேஷனை, அதாவது நிறச்செறிவை, குறைத்துச் சோதிக்க வேண்டாம்; நிறம், செறிவு, வெளிச்சம் என்று பிரிக்கும் எச்எஸ்எல் கணக்கில் முழு மஞ்சளும் முழு நீலமும் ஒரே சாம்பலாக வந்து ஏமாற்றும். நம் கண்ணுக்கோ ஒளியில் பச்சையின் பங்கு 70 சதவீதத்துக்கு மேல், நீலத்தின் பங்கு 7 சதவீதம்தான்.

பூக்காரியில் இப்படிப் பார்த்தபோது அதிக வேறுபாடு இருந்த இடம் கூடையின் விளிம்பு: வெள்ளை மல்லிகை, பின்னால் கருநிழல். மல்லிகையை நிழலுக்குள் கொஞ்சம் இழுத்து, முகத்துக்குப் பின்னால் சுவரை வெளுத்தேன்.

அடுத்த பக்கத்தில் அவள் வேறு ஆள்

மாடல் ஷீட் (பாத்திரத்தின் தோற்றத்தைக் குறித்து வைக்கும் தாள்) இல்லை, அல்லது இருந்தும் நேராக, பக்கவாட்டில், பின்புறம் என்று மூன்று பொம்மைகள் மட்டும் நிற்கின்றன. அது உயரத்துக்கு உதவும், முகத்துக்கு உதவாது. மாறக்கூடாத மூன்று விஷயங்களை எழுதி வையுங்கள். அவளுக்கு நான் எழுதியவை: மூக்குத்தி இடப்பக்கம், மேலுதட்டுக்கும் மூக்குக்கும் இடைவெளி குறைவு, காதுமடல் தோடு இழுத்து நீண்டது. மூன்றும் சரியென்றால் மற்றவை கொஞ்சம் ஆடினாலும் வாசிக்கும் குழந்தை அவளைக் கண்டுபிடித்துவிடும். மூக்குத்தி இடம் மாறினால் மன்னிக்காது. இதை அனுபவத்தில் சொல்கிறேன், 'எம்' விசையால் பார்வை திரும்பியிருப்பதை மறந்து வரைந்த பக்கம் ஒன்று உண்டு.

திரையில் இருந்த நிறம் தாளில் இல்லை

கனகாம்பரம் செங்கல்லாக வந்தது. அச்சகத்தில் போய்ச் சண்டை போடுவதாகத்தான் கிளம்பினேன். பாதி வழியில், நான் ஆர்ஜிபி கோப்பை, அதாவது திரைக்கான சிவப்பு, பச்சை, நீலக் கணக்கில் உள்ளதை, கொடுத்துவிட்டு வந்தது நினைவுக்கு வந்தது. திரை ஒளியால் காட்டும் அந்த ஆரஞ்சை மஞ்சள், மெஜந்தா மைகளால் தாளில் எட்ட முடியாது.

அச்சகத்திடம் அவர்களுடைய ஐசிசி ப்ரொஃபைலையும் (அவர்கள் அச்சில் நிறம் எப்படி வரும் என்று சொல்லும் கோப்பு), ஓரிடத்தில் எத்தனை சதவீதம் மை வரை ஏற்றலாம் என்பதையும் முதலிலேயே கேட்டு வாங்குங்கள். அந்த ப்ரொஃபைலை வைத்துக்கொண்டு கண்ட்ரோல், ஒய் அழுத்தினால் கிரிட்டா அச்சில் வரப்போவதை ஏறத்தாழக் காட்டும். ஷிஃப்ட்டையும் சேர்த்தால் எட்ட முடியாத நிறங்களைத் தனியாகக் குறித்துக் காட்டும். கொடுக்கும் கோப்பு அச்சின் நான்கு மைகளுக்கான சிஎம்ஒய்கே கணக்கில், டிஃப் வடிவத்தில் இருக்கட்டும், பிஎன்ஜி வடிவத்தில் சிஎம்ஒய்கே கிடையாது.

சோதனையில் கனகாம்பரம் முழுவதும் குறிக்கப்பட்டிருந்தது. அதைப் பளிச்சென்று ஆக்க வழியில்லை என்று தெரிந்ததும் சுற்றியிருப்பவற்றைத் தொட்டேன். கொண்டையில் பழுப்பைக் குறைத்து நீலம் சேர்த்துக் கருக்கினேன், மை வரம்பைத் தாண்டாமல். சேலையின் அரக்குச் சிவப்பை ஒரு படி மங்கவைத்தேன். பூவின் இதழை நான் தொடவே இல்லை. இரண்டாம் மாதிரித்தாளில் முதலில் கண்ணில் பட்டது அந்தப் பூதான்.